ஆட்டுக்கல்லும் அங்கப்பிரதட்சணமும்

என் முதுகை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் என் உடம்பிலேயே நான் அதிகம் பேசியது அதைப் பற்றித்தான். ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம் தொடங்கிய பேச்சு, அறுபதுகள் முடிகிறவரை ஓயவில்லை. கேட்டவர்கள்தான் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள்.

அந்த நாளில் நான் திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர். கழுத்தில் விசில், காலில் கான்வாஸ் ஷூ, இடுப்பில் கஞ்சி போட்ட அரை நிஜார். பையன்களை வரிசையில் நிறுத்தி, முட்டி மடங்காமல் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொல்வது என் தொழில். தொட முடியாதவனைப் பார்த்து, "இது உடம்பா, மரக்கட்டையா?" என்று கேட்பேன். மனித உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். முப்பத்து நாலு வயதில் எல்லாருக்கும் அப்படி ஓர் எண்ணம் இருக்கும். எனக்கு அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

அந்த ஐப்பசியில் வீடு மாறினோம். நாலு குடித்தனங்கள் இருந்த ஒரு நீள வீட்டில் கடைசிப் பகுதி எங்களுடையது. பின்புறம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. கிணற்றடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். சாமான்களை மாட்டு வண்டியில் கொண்டுவந்தவர், ஆட்டுக்கல்லை மட்டும் வாசலோடு இறக்கிவிட்டு, "இன்னொரு ஆள இட்டாந்துடறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவரு வர்ற வரைக்கும் அதத் தொடாதீங்க" என்றாள் என் மனைவி.

இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆட்டுக்கல்லை நகர்த்த ஒரு முறை இருக்கிறது. சாய்த்து, மெதுவாக உருட்டிக்கொண்டே போவார்கள். உருட்டுவது வயசானவர்கள் வேலை என்று எனக்குத் தோன்றியது. பக்கத்துக் குடித்தனங்களில் இருந்து ரெண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுசாகக் குடிவந்திருப்பவர் ட்ரில் மாஸ்டர் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? முட்டி மடங்காமல், இடுப்போடு குனிந்து, பத்து வருஷமாக நான் சொல்லிக்கொடுத்த அதே முறையில் குனிந்து, தூக்கினேன். அது சின்ன ஆட்டுக்கல்தான். பெரியது என்று அப்புறம் நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நம்ப வேண்டாம்.

கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குப் போகிற நடைவரை கொண்டுபோய்விட்டேன். அங்கே கல்லோடு இடது பக்கம் திரும்பினேன். இடுப்பில் யாரோ தீக்குச்சி கிழித்ததுபோல் இருந்தது. கல்லை அந்த இடத்திலேயே வைத்தேன். வைத்தேன் என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். நடையின் நட்டநடுவில் அது உட்கார்ந்தது. குனிந்த நான் குனிந்தபடியே நின்றேன்.

"வெச்சாச்சு இல்ல, நிமிருங்க" என்றாள் அவள்.

"கொஞ்ச நேரம் போவட்டும்" என்றேன்.

அந்தக் கொஞ்ச நேரம் ஆறு மாதம் ஆயிற்று.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும். மறுநாளே என் மனைவி நாலு குடித்தனத்திலும் விசாரித்தாள். எல்லாரும் ஒழுங்காகத் தலை வழியாக வந்தவர்கள். மூன்றாம் நாள் எங்கள் தலைமையாசிரியர் என்னைப் பார்க்க வந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கேள்விக்குறிபோல் நின்றுகொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் என் மனைவி இந்தத் தேடலைப் பற்றிச் சொன்னாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சொல்றதுக்கு இன்னா வெக்கம்? நான் அப்படிப் பொறந்தவன்தாம்மா."

தலைமையாசிரியரிடம் உதை வாங்காத ஆசிரியர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை என்பார்கள். அது பேச்சுக்கு. வெற்றிலை பாக்கு வைத்து, "வாங்க சார், உதைங்க சார்" என்று அழைத்து, சுவரோரமாகத் திரும்பி நின்று நிஜமாகவே வாங்கியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மொத்தம் மூன்று உதை. முதல் உதை கூச்சத்தோடு விழுந்தது. ரெண்டாவது கொஞ்சம் பழகியிருந்தது. மூன்றாவதில், பள்ளிக்கூட மைதானத்தில் வாழை வைப்பதா கபடி ஆடுவதா என்று எங்களுக்குள் நடந்த மூன்று வருஷத்துச் சண்டை முழுவதும் இருந்தது.

"இப்ப எப்படி இருக்குது மாஸ்டர்?"

நான் தரையில் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் வந்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து தேரடிப் பக்கம் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். மலை மலையாக மூட்டை தூக்கிய சிப்பாய்களின் முதுகுகளைப் பார்த்தவர் என்று ஊரில் பெயர். குதிரை வண்டியில் இருந்து இறங்கி, என் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, முதுகெலும்பை மேலிருந்து கீழே விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

"இங்க கன்னிப்போயிருக்குதே. விழுந்தீங்களா?"

"இல்லீங்க. ஹெட்மாஸ்டர் உதைச்சார்."

"ஏன், லீவு கேட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. சிரித்தால் மருந்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கிறவர். மெத்தை கூடாது, பலகையில் படுக்க வேண்டும், மூன்று வாரம் அசையக் கூடாது என்றார். அந்த அளவுக்கு வீட்டில் பலகை ஏது? கொல்லைப்புறத்தில் சாத்தி வைத்திருந்த ஒரு பழைய கதவை எடுத்துப்போட்டு அதன்மேல் என்னைக் கிடத்தினார்கள். தாழ்ப்பாள் இருந்த பக்கம் தலை. கீழ்பென்னாத்தூரில் இருந்து என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு மூட்டை வேர்க்கடலையோடு பார்க்க வந்தார். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் அதைத் தட்டினார்.

"உள்ள யாருங்க?"

"சிரிக்க வெக்காதீங்க மச்சான். சிரிச்சா இழுக்குது."

"ஊருப் பசங்களையெல்லாம் குனிய வெச்சீங்க மாப்ளே. இப்ப உங்கள நிமிர்த்தத்தான் ஆளைக் காணோம்."

கார்த்திகை தீபம் அந்தக் கதவின்மேல்தான் எனக்குக் கழிந்தது. தெருவெல்லாம் வெளியூர்க்காரர்கள். சாயங்காலம் அத்தனை சத்தமும் ஒரே கணத்தில் "அரோகரா" என்று ஒன்றாக எழும்பியபோது, மலையில் தீபம் ஏறிவிட்டது என்று தெரிந்தது. நான் பார்த்ததெல்லாம் கூரை ஓட்டில் இருந்த ஒரு பல்லியைத்தான். என் மனைவி கிணற்றடியில் நின்று தீபத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தாள். முகம் அழுத முகமாக இருந்தது. "என்னா வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன். "வேண்டிக்கிட்டதச் சொல்லுவாங்களா?" என்று சொல்லிவிட்டு என் போர்வையைச் சரிசெய்தாள். அந்த நேரத்தில் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. விவரம் தெரியாதவன்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் என்னை எழுப்பினார். எழுந்திருப்பதற்கே ஒரு பாடம். நான் வழக்கம்போல் நேராக உந்தி எழப் பார்த்தபோது மார்பில் கை வைத்து அழுத்திவிட்டார்.

"அப்படி எந்திரிக்கவே கூடாது. முட்டிய மடக்குங்க. தோளும் இடுப்பும் ஒண்ணா, ஒரே நேரத்துல, பக்கவாட்டுல திரும்பணும். நடுவுல முறுக்கக் கூடாது. மரக்கட்ட உருள்ற மாதிரி. அப்புறம் கால கீழ விட்டு, கைய ஊனி எந்திரிங்க."

பத்து வருஷம் நான் பையன்களைப் பார்த்து மரக்கட்டை என்று திட்டிய நான், இப்போது மரக்கட்டையாக ஒழுங்காக உருளத் தெரியாமல் விழித்தேன்.

பிறகு தேகப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நான் எதிர்பார்த்தது தண்டால், கர்லாக் கட்டை. அவர் சொன்னது கைக்குழந்தைகூடக் கொட்டாவி விடுகிற சமாச்சாரம். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, வயிற்றை உள்ளே இழுத்து, இடுப்பின் பள்ளத்தைத் தரையோடு அழுத்திப் பத்து எண்ண வேண்டும். ஒரு முட்டியை மட்டும் மெல்ல நெஞ்சுப் பக்கம் கொண்டுவர வேண்டும், அப்புறம் இன்னொன்று. பாதத்தை ஊன்றி இடுப்பை மட்டும் கொஞ்சம் தூக்கி இறக்க வேண்டும். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றித் தலையையும் மார்பையும் உயர்த்த வேண்டும். வலி காலுக்கு இறங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி செய்யட்டுங்களா?"

"கம்மியா செய்ங்க. தெனம் செய்ங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்குக் கம்மியா செய்யறதுதான் கஷ்டம்."

உண்மைதான். அதைவிடக் கஷ்டம் அன்றாடம் வாழ்வது. கீழே விழுந்த பென்சிலை எடுக்க ஒரு காலத்தில் குனிந்தேன். இப்போது அதன் பக்கத்தில் போய், முட்டியை மடக்கிக் குந்தி, எடுத்து, தொடையின் பலத்தில் எழுந்தேன். ஒரு பென்சிலுக்கு இவ்வளவு மரியாதையா என்று ஆசிரியர் அறையில் வேடிக்கை பார்த்தார்கள். தும்மல் வந்தால் ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தளர்த்தித் தும்ம வேண்டும். சுவர் இல்லாத இடத்தில் யாரையாவது பிடித்துக்கொள்வேன். தலைமையாசிரியரை ஒருமுறை பிடித்துக்கொண்டேன். அவருக்கு அது ஏதோ சமாதானப் பேச்சு என்று தோன்றியிருக்க வேண்டும். அந்த வாரமே மைதானத்து வாழைப் பேச்சை விட்டுவிட்டார். சாப்பிட உட்காரும்போது மணைமேல் உட்கார்ந்து, முதுகைச் சுவரோடு சாய்த்து, இலையை ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டேன். எதையும் தூக்கும்போது வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், தூக்கிக்கொண்டு இடுப்பைத் திருப்பாமல் பாதத்தை நகர்த்தித் திரும்ப வேண்டும். இதை மட்டும் ஐப்பசியில் யாராவது சொல்லியிருந்தால்!

தண்ணீர் இறைப்பதையும் தூக்குவதையும் டாக்டர் அடியோடு நிறுத்திவிட்டார். காலையில் கிணற்றில் பத்துக் குடம் இறைத்துக்கொண்டுவந்து வைப்பது அதுவரை என் வேலை. அது என் மனைவிக்குப் போயிற்று. அதற்குப் பதிலாக நான் விடியற்காலையில் அடி அண்ணாமலை போகிற பாதையில் நடந்துவிட்டு வந்தேன். முதல் வாரம் நூறு அடி, பிறகு ஒரு ஃபர்லாங், பிறகு அந்தப் பாதையில் முதல் மைல் கல்வரை. தை பிறந்தபோது, ஒருநாள் திரும்பி வரும் வழியில், கால் மணி நேரமாக முதுகைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"இன்னிக்குத் துளி வலி இல்ல."

என் மனைவி கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு மலை இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

"அப்ப ஒரு நல்ல நாள் பாத்து அங்கப்பிரதட்சணம் பண்ணிடுங்க."

"யாரு?"

"நீங்கதான். உங்களுக்கு நல்லாச்சுன்னா, கொடிமரத்துக்கிட்ட ஆரம்பிச்சி பிரகாரம் ஒரு சுத்து நீங்க உருண்டு வருவீங்கன்னு தீபத்தன்னிக்கு வேண்டிக்கிட்டேன்."

எனக்கு முதுகு வலித்தது. பொய் இல்லை, அந்தக் கணத்தில் நிஜமாகவே வலித்தது.

"முதுகு நல்லாவறதுக்கு முதுகாலயே உருளணுமா? மொட்ட போடறேன்னு வேண்டிக்கக் கூடாதா?"

அவள் என் தலையை நிதானமாகப் பார்த்தாள். "மொட்ட போடறதுக்கு அங்க இன்னா இருக்குது?"

கருங்கல் தளம், நான், முக்கால் ஃபர்லாங் உருளல். கண்ணை மூடினால் அந்தக் கதவு மறுபடியும் தெரிந்தது. டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "தாராளமா உருளுங்க" என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இடுப்பில் கை வைத்தேன்.

"இரு, இரு. சொன்ன வாய் மூடல. மறுபடி இழுக்குது."

இப்படித்தான் அது தொடங்கியது. குணமான முதுகுக்கு நோயாளி வேஷம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் இருந்து நேராக நடந்து வருவேன். எங்கள் தெரு முனையில் ஒரு சோடாக் கடை உண்டு. அதைத் தாண்டியதும் இடுப்பு வளைய வேண்டும். ஒருநாள் பேச்சுச் சுவாரஸ்யத்தில் வளைய மறந்து, வாசல்படிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் வளைந்து வந்தேன். சோடாக் கடைக்காரர் இதையெல்லாம் தினமும் பார்த்தார், ஒன்றும் கேட்டதில்லை. எழும்போது "அப்பாடா" என்று முனக வேண்டும். எந்தப் பக்கம் வலி என்பதையும் நினைவு வைத்திருக்க வேண்டும்.

"நேத்து எடது பக்கம்னீங்களே. இப்ப வலது பக்கத்தத் தடவறீங்க?"

"அது நடந்துக்கினே இருக்குது. கிரிவலம் போவுதுன்னு வெச்சிக்கியேன்."

அவள் சிரித்தாள். நான் பிழைத்தேன். தேகப்பயிற்சியை மட்டும் விடவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். முதுகு நாளுக்கு நாள் உறுதியாகிக்கொண்டு போயிற்று. இப்படியே ரெண்டு மூன்று வருஷம் கடத்திவிட்டால் சாமியே மறந்துவிடும் என்பது என் திட்டம். தை போய் மாசி வந்தது, மாசி போய்ப் பங்குனி வந்தது.

பங்குனியில் ஒரு காலை. கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ குடம். திடீரென்று ராட்டினம் நின்றது. குடம் கல்லில் மோதுகிற சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

நான் போய்ப் பார்த்தபோது என் மனைவி கிணற்றுச் சுவரை ஒரு கையால் பிடித்தபடி குனிந்து நின்றாள். இன்னொரு கை இடுப்பில். அந்த நிலை எனக்குத் தெரியும். ஐப்பசியில் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் நான் நின்ற நிலை அதேதான்.

"ஒண்ணுமில்ல. குனிஞ்சேன், பிடிச்சிக்கிச்சு" என்றாள்.

அவளைப் பிடித்து மெதுவாகத் துவைக்கிற கல்லில் உட்காரவைத்தேன். நிரம்பியிருந்த ரெண்டு குடங்களை முட்டியை மடக்கிக் குந்தி, வயிற்றோடு அணைத்து ஒன்றும் பக்கவாட்டில் பிடித்து ஒன்றுமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வலிக்கலையா?"

ஒரு முனகல் தொண்டைவரை வந்தது. அவள் இடுப்பில் இருந்த கையைப் பார்த்தேன். முனகல் திரும்பிப் போய்விட்டது.

"இல்ல."

"எப்பலருந்து?"

"தையிலருந்து."

அவள் திட்டவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள். நடையில் ஆட்டுக்கல்லை ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். காபி கலக்கிற சத்தம் கேட்டது. ஒரே ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். எனக்குப் புரியவில்லை. என் மனைவிக்குக் காபி என்றால் உயிர். காலையில் முதல் டம்ளர் எப்போதும் அவளுடையது. அதற்கு முன்னால் அவளோடு பேசுவதே ஆபத்து.

"உங்களுக்கு நல்லாவற வரைக்கும் நான் காபி தொடறதில்லன்னு அதே அன்னிக்கு வேண்டிக்கிட்டேன்" என்றாள். "நாலு மாசம் ஆச்சு."

நாலு மாதம் தினமும் ரெண்டு வேளை அவள் கையால் காபி வாங்கிக் குடித்திருக்கிறேன். அவள் குடிக்கிறாளா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அதில் ரெண்டு மாதம் என் நடிப்புக்காகப் போனது. பத்துக் குடம் தண்ணீரும் அந்த நடிப்புக்காகத்தான். இத்தனை வருஷத்தில் நான் செய்த கோமாளித்தனங்களை எண்ணிச் சிரித்திருக்கிறேன். இந்த இடம் வரும்போது மட்டும் இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை.

அன்றைக்கு அவள் அதற்குமேல் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. எனக்குக் காபி வந்தது, சர்க்கரை வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. பத்துக் குடத்தை நானே சுமந்தேன், ஒரு நேரத்தில் ஒரு சின்னக் குடமாக. மூன்றாம் நாள் குதிரை வண்டி வைத்து அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். தசைப் பிடிப்புதான், பத்து நாள் பாரம் தூக்காமல் இருந்தால் போதும், அப்புறம் மாஸ்டர் செய்கிற பயிற்சியையே செய்யுங்கள் என்றார். எனக்கு மூச்சு வந்தது. அப்போது என் மனைவி, மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த குரலில், டாக்டரைக் கேட்டாள்.

"இவரு அங்கப்பிரதட்சணம் பண்ணலாங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "இத ஏன் மாஸ்டர் நீங்க கேக்கல?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"தெனம் காலையில எப்படி எந்திரிக்கிறீங்க? தோளும் இடுப்பும் ஒண்ணா திரும்பி, நடுவுல முறுக்காம. அதத்தான் அங்க நூறு தடவ செய்யப் போறீங்க. கழுத்தத் தூக்கிப் பாக்கக் கூடாது. அவசரப்படக் கூடாது. ஒரு மாசம் வீட்டுல ஜமுக்காளத்துல பழகுங்க. அதுல வலி இல்லன்னா, போய் உருளுங்க." பேனாவை மூடினார். "உங்களுக்கு நான் சொல்லிக்குடுத்ததே உருள்றதுதான்."

அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன். ஒரு ஓரத்தில் அவள் மல்லாந்து, முட்டியை மடக்கி, வயிற்றை இழுத்துப் பத்து எண்ணுவாள். இன்னொரு ஓரத்தில் நான் ஜமுக்காளத்தின் நீளத்துக்கு உருண்டு போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வருவேன். முதல் நாட்களில் அவள் எண்ணுவது மட்டும்தான் கேட்கும். பிறகு ஒருநாள், "இடுப்பு முந்துது, தோள் பின்னால வருது" என்று திருத்தினாள். அப்படித்தான் மறுபடியும் பேசத் தொடங்கினோம். மறுநாள் காபியில் சர்க்கரை இருந்தது.

பள்ளிக்கூடக் கோடை விடுமுறையில், கல் சூடேறுவதற்கு முன்னால், விடிகிற நேரத்தில் போனோம். தீர்த்தத்தில் முழுகி, ஈர வேட்டியோடு கொடிமரத்துக்கு முன்னால் படுத்தேன். கை இரண்டையும் தலைக்கு மேல் கூப்பினேன். கீழ்பென்னாத்தூரில் இருந்து மச்சான் வந்திருந்தார். யார் சொன்னார்களோ, தலைமையாசிரியரும் வந்திருந்தார்.

உருள ஆரம்பித்தேன். கல், வானம், கல், கோபுரம், கல், மலை. ஈரக் கல் முதுகுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பத்து உருளலுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். ஒரு விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மனித உடம்பு தோள் பக்கம் அகலம், கால் பக்கம் ஒடுக்கம். அதனால் நேராக உருளாமல் கால் பக்கமாகவே வளைந்து போகும். ஒரு தடவை கண்ணைத் திறந்தபோது ஒரு தூணை முத்தமிட இருந்தேன்.

"ஸ்ட்ரெய்ட் லைன், மாஸ்டர், ஸ்ட்ரெய்ட் லைன்" என்றார் தலைமையாசிரியர். இதைச் சொல்வதற்காகவே அவர் விடியற்காலையில் எழுந்து வந்திருக்க வேண்டும்.

"வேணும்னா ஒரு உதை குடுங்க சார், நேரா போவாரு" என்றார் மச்சான்.

"போதுண்ணா, சும்மா இரு" என்றாள் என் மனைவி. என் தலைமாட்டில் நடந்துகொண்டே, "கால் பக்கம் கொஞ்சம் தள்ளிக்குங்க. இன்னும். இப்ப போங்க" என்று வழி சொல்லிக்கொண்டு வந்தாள். நான் நின்றபோதெல்லாம் நின்றாள். வலிக்குதா என்று நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் நான் உண்மையைச் சொன்னேன். கடைசி மூலை திரும்பும்போது வலது பக்கம் லேசாக இழுத்தது, அதையும் சொன்னேன். "அப்ப இருங்க, அவசரம் இல்ல" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் வந்த இரண்டு பேர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கொடிமரத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் வந்துவிட்டது. தலை சுற்றியது, முழங்கை தேய்ந்திருந்தது, முதுகு மட்டும் சமர்த்தாக இருந்தது. என்னைத் தூக்கிவிட அவள் இடுப்போடு குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"குனியாதே" என்றேன் தரையில் இருந்தபடியே. "முட்டிய மடக்கு."

அவள் நிமிர்ந்து, என்னைப் பார்த்து, அப்புறம் முட்டியை மடக்கிக் குந்தினாள். நான் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, அவள் தோளைப் பிடித்து எழுந்தேன்.

கோயில் வாசலுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் நாலு பேரும் காபி குடித்தோம். அவள் ரெண்டு டம்ளர் குடித்தாள். வந்தது வந்தோம், அந்த ஆட்டுக்கல்லையும் அடுப்படிக்குள் நகர்த்திவிட்டுப் போகிறேன் என்றார் மச்சான். இருக்கட்டும், பழகிப்போச்சு என்றாள் அவள். அந்த வீட்டில் மேலும் பதினோரு வருஷம் இருந்தோம். அது நடையின் நடுவிலேயே இருந்தது. தினமும் இருபது முப்பது தடவை அதைச் சுற்றிக்கொண்டு போனோம். காலையில் எழுந்ததும் அதற்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராகப் படுத்து வயிற்றை இழுத்துப் பத்து எண்ணினோம்.

அன்றைக்கு ஹோட்டலில் இருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது, ஈர வேட்டி காலில் ஒட்ட, நான் அவளிடம் சொன்னேன்.

"இனிமே எனக்காக வேண்டிக்கிறதா இருந்தா, என்னை ஒரு வார்த்த கேட்டுட்டு வேண்டிக்க."

"கேட்டா ஒத்துப்பீங்களா?"

யோசித்தேன். பொய் சொல்வதில்லை என்று புதுசாக முடிவு செய்திருந்தேன்.

"மாட்டேன்."

"அதனாலதான் கேக்கல" என்றாள்.

சோடாக் கடையைத் தாண்டினோம். பழக்கத்தில் இடுப்பு கொஞ்சம் வளைந்தது. நிமிர்த்திக்கொண்டேன்.